கண்ணிழந்த சிப்பாய்களின் பள்ளிக்கூடம்

முதல் உலகப் போரில் கண் போன பிரிட்டிஷ் சிப்பாய்க்கு மருத்துவமனைக் கட்டிலில் கிடைத்த பரிசு ஒரு கடிகாரம். மூடியைத் திறந்தால் முட்களை விரலால் தொடலாம். எண்கள் இருக்கவேண்டிய இடத்தில் புடைத்த புள்ளிகள். விரல் பட்டதும் நகர்ந்துவிடாதபடி முட்கள் உறுதியாக இருக்கும். முகத்தைச் சுற்றிக் கட்டுப் போட்டுப் படுத்திருக்கும் இருபது வயதுப் பையன், பக்கத்துக் கட்டில்காரனையோ செவிலியரையோ கேட்காமல் மணி என்ன என்று தானே சொல்லிவிடலாம். அடிபட்ட நாளிலிருந்து யார் தயவும் இல்லாமல் அவன் செய்த முதல் காரியம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் ஆர்தர் பியர்சன். 1900-இல் ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ நாளிதழைத் தொடங்கிய பத்திரிகை முதலாளி. கிளாக்கோமா நோயால் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நடுவயதில் முழுக்கவே போய்விட்டது. 1915 ஜனவரியில் போரில் கண்ணிழந்தவர்களுக்காக ஒரு குழு அமைத்து, பொதுமக்களிடம் பணம் திரட்டினார். மார்ச் மாதம் லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க்கில் ஒரு பெரிய மாளிகை கிடைத்தது. கொடுத்தவர் ஓட்டோ கான் என்ற அமெரிக்க வங்கியாளர். அவர் பிறந்தது ஜெர்மனியில் என்பது அந்தப் போர்க்காலத்தின் விசித்திரங்களில் ஒன்று. மாளிகையின் பெயர் செயின்ட் டன்ஸ்டன்ஸ். ஃப்ளீட் ஸ்ட்ரீட்டில் உள்ள செயின்ட் டன்ஸ்டன் தேவாலயத்தின் பழைய மணிக்கூண்டுக் கடிகாரத்தை முன்னொரு பிரபு விலைக்கு வாங்கித் தன் வீட்டில் மாட்டியதால் வந்த பெயர். கடிகாரம் 1935-இல் தேவாலயத்துக்கே திரும்பிவிட்டது. பெயர் மட்டும் அறக்கட்டளையோடு ஒட்டிக்கொண்டது. 2012-இல்தான் அதை ‘பிளைண்ட் வெட்டரன்ஸ் யூகே’ என்று மாற்றினார்கள்.

பியர்சன் கடிகாரத்தைத் தேர்ந்தெடுத்தது தன்மானத்தை நினைத்து. அவர் அறியாத இன்னொரு காரணமும் அதில் இருந்தது. நம் விழித்திரையில் பார்ப்பதற்கென்று இல்லாத சில செல்கள் இருக்கின்றன. வெளிச்சம் எவ்வளவு என்று மட்டும் அளந்து மூளையின் அடியில் இருக்கும் உடல் கடிகாரத்துக்குச் சொல்வது அவற்றின் வேலை. 2002 வாக்கில்தான் அறிவியல் இவற்றைத் திட்டவட்டமாக இனம் கண்டது. நம் உடல் கடிகாரம் இயல்பில் சரியாக 24 மணிநேரம் ஓடுவதில்லை, பெரும்பாலோருக்குச் சற்றே கூடுதல். காலை வெளிச்சம் ஒவ்வொரு நாளும் அதைத் திருத்திவைக்கிறது. இரண்டு விழிகளையும் எடுத்துவிட்டால் திருத்த ஆள் இல்லை. ஒருவருடைய கடிகாரம் இருபத்துநாலரை மணிநேரம் ஓடுகிறது என்று வையுங்கள். தினமும் அரைமணி தள்ளித் தூக்கம் வரும். 24 நாளில் பகல் இரவாகிவிடும், 48 நாளில் மறுபடி சரியாகும், அடுத்த நாளே மறுபடி விலகத் தொடங்கும். முழுப் பார்வையின்மை உள்ளவர்களில் பலரை இன்றும் இது படுத்துகிறது. அந்தச் சிப்பாய்கள் நள்ளிரவில் விழித்துக்கிடந்ததற்குப் போர்க் கனவுகள் மட்டும் காரணமாக இருந்திருக்காது.

கண்கள் ஏன் அவ்வளவு எண்ணிக்கையில் போயின என்பதற்கு விடை பதுங்குகுழிச் சண்டையில் இருக்கிறது. உடம்பு மண்ணுக்குள், தலை மட்டும் வெளியே. வெடிகுண்டுச் சில்லுகளும் குறிபார்த்துச் சுடுபவனின் தோட்டாவும் தேடி வருவது அந்தத் தலையைத்தான். 1917 ஜூலையில் கடுகு வாயு என்ற நச்சு ஆயுதமும் சேர்ந்துகொண்டது. கண்ணில் கட்டுடன் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போகும் சிப்பாய்களை ஓவியர் சார்ஜென்ட் பெரிய திரைச்சீலையில் வரைந்திருக்கிறார். அப்படிப் போனவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் பார்வை திரும்பியது. ஆனால் பத்து, பதினைந்து வருடம் கழித்துச் சிலருக்குக் கருவிழி மறுபடி புண்ணாகிப் பார்வை மங்கியது. போர் முடிந்து வெகுகாலம் ஆன பிறகும் செயின்ட் டன்ஸ்டன்ஸ் கதவைத் தட்டப் புது ஆட்கள் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு கொடுமை உண்டு. சில்லு பட்டது ஒரு கண்ணில், போவது இரண்டும். விழிக்குள் இருக்கும் சில புரதங்களை உடலின் நோயெதிர்ப்புப் படை சாதாரணமாகச் சந்திப்பதே இல்லை, அந்த அளவுக்குக் கண் தன்னை ஒதுக்கி வைத்துக்கொண்டிருக்கிறது. விழி கிழிந்தால் அந்தப் புரதங்கள் வெளியே தெரிந்துவிடும். படை அவற்றை அந்நியன் என்று முடிவுகட்டும். பிறகு அதே புரதங்கள் உள்ள மறு கண்ணையும் வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்துத் தாக்கும். அதனால்தான் தேறாத கண்ணை இரண்டு வாரத்துக்குள் எடுத்துவிடுவது என்ற விதியை அன்றைய மருத்துவர்கள் வைத்திருந்தார்கள். பிரெய்ல் எழுத்தைத் தந்த லூயி பிரெய்லுக்கும் இதுதான் நேர்ந்தது என்று கருதுகிறார்கள். மூன்று வயதில் அப்பாவின் தோல் பட்டறையில் கூரான கருவி ஒரு கண்ணில் குத்தியது. சில காலத்தில் அடுத்த கண்ணும் போயிற்று.

ரீஜன்ட்ஸ் பார்க் மாளிகைக்கு வந்தவர்கள் என்ன படித்தார்கள்? பிரெய்ல், தட்டச்சு, சுருக்கெழுத்து, தொலைபேசி இணைப்பகம், கூடை முடைதல், பாய் பின்னுதல், செருப்புத் தைத்தல், தச்சு, கோழி வளர்ப்பு. கோழியை மடியில் வைத்துக் கொண்டையையும் இறகையும் காலையும் தடவி எந்த இனம் என்று சொல்லக் கற்றார்கள். அறைகளின் நடுவே நீளமாகக் கம்பளப் பட்டை விரித்திருக்கும். காலடியில் கம்பளம் இருக்கும்வரை வழியில் நாற்காலி இல்லை என்று அர்த்தம். பூங்கா ஏரியில் படகு வலித்தார்கள். இரக்கப் பேச்சு பியர்சனுக்கு ஆகாது. பார்வை போனது உடல்நலக்குறைவு, அதனால் ஓய்வெடுக்க வேண்டும் என்ற அந்தக் கால எண்ணத்தை அவர் அறவே ஒதுக்கினார். குருடனாக இருப்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு தொழில் என்பது அவர் கட்சி. ஆசிரியர்களிலும் பார்வையற்றவர்கள் இருந்தார்கள். முடியாது என்று மாணவன் சொல்ல வழியே இல்லாமல் போயிற்று.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது மஸாஜ் வகுப்பு. உடற்கூறு படித்துத் தேர்வு எழுதித் தேறியவர்களை ராணுவ மருத்துவமனைகள் வேலைக்கு எடுத்துக்கொண்டன. தோட்டா பட்டுச் சுருங்கிய கையையும் மடங்காத முழங்காலையும் நீவிச் சரிப்படுத்தும் வேலை. சில மாதங்களுக்கு முன் கட்டிலில் கிடந்தவன், இப்போது இன்னொரு கட்டிலின் பக்கத்தில் நின்று மற்றொருவனின் தசை எங்கே இறுகியிருக்கிறது என்று விரலால் தேடுகிறான். பிரிட்டனில் பிசியோதெரபி ஒரு மருத்துவத் தொழிலாக நிலைபெற்ற வரலாற்றில் இவர்களுக்கு மறுக்கமுடியாத இடம் உண்டு.

தட்டச்சு வகுப்பின் காரணம் வேறு. அலுவலக வேலைக்குப் போகிறவர்கள் மட்டும் அல்ல, எல்லோரும் அதைப் படித்தார்கள். தேர்வில் தேறியவன் தட்டச்சுப்பொறியைத் தனக்கே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். யோசித்துப் பாருங்கள். கண் போனபின் மனைவிக்கோ அம்மாவுக்கோ எழுதும் கடிதத்தை அவன் செவிலியரிடம் வாய்விட்டுச் சொல்லி எழுதவைத்திருக்கிறான். மனைவியிடம் சொல்லவேண்டியதை மூன்றாவது ஆளிடம் எப்படிச் சொல்வது? ‘நலம், நலமறிய ஆவல்’ என்பதற்கு மேல் போகாது. தட்டச்சுப் பலகையைப் பார்க்காமலே அடிப்பதுதான் அந்தத் தொழிலின் சரியான முறை, பார்வையுள்ளவர்களுக்கும் அப்படித்தான் சொல்லித்தருகிறார்கள். ஆகவே இந்த ஒரு கருவியின் முன்னால் அவன் யாருக்கும் குறைந்தவன் இல்லை. கடிதம் மறுபடியும் இருவருக்கு மட்டும் உரியதாயிற்று.

படித்து முடித்தவனை அப்படியே அனுப்பிவிடாததும் பியர்சனின் கெட்டிக்காரத்தனம். வீட்டில் பட்டறை வைத்துக்கொள்ள உதவி, மூலப்பொருள் வாங்கித்தருவது, செய்த பொருளை விற்றுத்தருவது, தரம் குறைகிறதா என்று அவ்வப்போது ஆள் அனுப்பிப் பார்ப்பது என ஒரு தனிப் பிரிவே இயங்கியது. பயிற்சி கொடுத்துச் சான்றிதழோடு வாசலில் விட்டுவிடும் நம் ஊர்த் திட்டங்களை நினைத்தால் பெருமூச்சுதான் வருகிறது.

ஆனால் பிரெய்ல் எல்லோருக்கும் எளிதில் வசப்படவில்லை. ஏன் என்று பார்க்க விரல்நுனிக்குள் போகவேண்டும். பிரெய்ல் எழுத்து ஆறு புள்ளிகள் கொண்ட ஒரு கட்டம், பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே தூரம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். விரல்நுனித் தோல் இரண்டு தனித்தனிப் புள்ளிகளைப் பிரித்தறிய முடிகிற தூரம் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர். அதாவது உடல் அனுமதிக்கும் எல்லையை ஒட்டியே அந்தப் பிரெஞ்சுச் சிறுவன் தன் எழுத்தை அமைத்திருக்கிறான். விரலை அசையாமல் வைத்து அழுத்தினால் தெளிவாகத் தெரியாது. தோலுக்குள் இருக்கும் தொடு உணரிகள் மாற்றத்துக்குத்தான் நன்றாகப் பதில் சொல்லும், எனவே விரல் வரியின் மேல் நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும். சுரங்கத்திலும் துறைமுகத்திலும் காய்த்துப்போன கையோடு பட்டாளத்துக்கு வந்தவனுக்கு இது தலைவேதனை.

கை ஒரு பாதி என்றால் மூளை மறு பாதி. 1996-இல் நொரிஹிரோ சடாடோவும் கூட்டாளிகளும் சிறுவயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெய்ல் படிக்கும்போது மூளையைப் படம்பிடித்தார்கள். தலையின் பின்புறம், பார்வைக்கென்றே இருக்கும் பகுதி சுறுசுறுப்பாக இயங்குவது தெரிந்தது. கண்ணிலிருந்து செய்தி வராத அந்த இடத்தை விரல் குடியேறிப் பயன்படுத்திக்கொள்கிறது. பிறகு வந்த ஆய்வு ஒன்று பதிவுசெய்தபடி, பிறவியிலேயே பார்வையற்ற, பிரெய்ல் சரளமாகப் படித்த ஒரு பெண்மணிக்கு அந்தப் பகுதியில் இருபுறமும் பக்கவாதம் தாக்கியது. புள்ளிகள் விரலில் படுவது தெரிந்தது, எழுத்தாக மட்டும் சேரவில்லை. ஆனால் இந்தக் குடியேற்றத்துக்கு ஒரு வயது வரம்பு இருப்பதாகத் தெரிகிறது. பதின்பருவத்தின் நடுப்பகுதிக்குப் பிறகு கண் போனவர்களிடம் அந்த அளவுக்கு அது நடப்பதில்லை. பார்வையுள்ளவர்களின் கண்ணை ஐந்து நாள் தொடர்ந்து கட்டிவைத்தால் அந்தப் பகுதி தொடுதலுக்குத் தற்காலிகமாகப் பதில் சொல்லத் தொடங்குகிறது என்றும், கட்டை அவிழ்த்த ஒரு நாளில் அது மறைந்துவிடுகிறது என்றும் 2008-இல் காட்டினார்கள். ஆகவே கதவு முழுக்கச் சாத்தப்படுவதில்லை போலும். எப்படியும் இருபது வயதில் கண்ணிழந்த சிப்பாய், ஆறு வயதில் பள்ளிக்கு வந்த குழந்தையோடு ஓடமுடியாத பந்தயத்தில் இறக்கப்பட்டிருந்தான் என்பது உண்மை. அன்று அதைச் சோம்பேறித்தனம் என்று சிலர் எண்ணியிருக்கக்கூடும்.

அந்தச் சிக்கலிலிருந்துதான் இன்று நாம் கைபேசியில் கேட்கும் ஒலிநூல் வந்தது.

இயன் ஃப்ரேசர் 1916 ஜூலையில் சோம் போர்க்களத்தில் குண்டடிபட்டுப் பார்வை இழந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது நிறையவில்லை. செயின்ட் டன்ஸ்டன்ஸில் பயிற்சி பெற்றார், அங்கே பணிபுரிந்த ஐரீன் மேஸை 1918-இல் மணந்தார். 1921 டிசம்பரில் பியர்சன் குளியல் தொட்டியில் வழுக்கி விழுந்து இறந்ததும் இருபத்துநான்கு வயதில் தலைமைப் பொறுப்பு இவரிடம் வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் அதில் இருந்தார். இடையே நாடாளுமன்ற உறுப்பினர், பிபிசி ஆளுநர், கடைசியில் பிரபு. பிரெய்ல் படிக்கத் திணறியவர்களுக்குப் புத்தகம் எப்படிப் போய்ச் சேரும் என்ற கேள்வி அவரை விடவில்லை. கிராமபோன் இருந்தது. கணக்குதான் இடித்தது.

அந்தக் காலத்து இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுற்றும். பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கம் நாலு நிமிடத்துச் சொச்சம் ஓடும். எட்டு மணிநேரம் வாசிக்கவேண்டிய நாவலுக்கு 120 பக்கம், அதாவது அறுபது தட்டு. நாலு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தட்டைத் திருப்பிப்போட்டால் கொலையாளி யார் என்பதே மறந்துபோகும். வழி இரண்டு இருந்தன. ஒன்று, வேகத்தைக் குறைப்பது. 78-ஐ 24 ஆக்கினால் நேரம் மூன்றேகால் மடங்காகும், நாலு நிமிடம் பதின்மூன்றாகும். இரண்டு, தட்டின் மேல் சுருளாக ஓடும் பள்ளத்தை நெருக்கி வெட்டுவது. ஒன்றின் இடத்தில் இரண்டு சுற்று வந்தால் பதின்மூன்று இருபத்தாறாகும். அப்படித்தான் ஒரு பக்கத்துக்குச் சுமார் 25 நிமிடம் கிடைத்தது. நாவல் பத்துத் தட்டுக்குள் அடங்கிவிட்டது.

இதற்கு விலை உண்டு. தட்டு மெதுவாகச் சுற்றினால் உச்ச சுருதிகளைத் தாங்கும் நுண்ணிய அலைகள் பள்ளத்தில் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கும், ஊசியால் அவற்றைப் பின்தொடர முடியாது. வயலின் கச்சேரிக்கு இது ஒத்துவராது. மனிதக் குரல் பிழைத்துவிடும். பேச்சு புரிவதற்குக் குறுகலான அலைவரிசையே போதும், தொலைபேசி பல காலம் அதை வைத்துத்தான் ஓடிற்று. இசைக்காரர்கள் ஒதுக்கியிருக்கக்கூடிய தட்டைப் புத்தகக்காரர்கள் இருகை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். அமெரிக்காவில் பார்வையற்றோர் அறக்கட்டளை ஒன்று 1934-இல், நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் தட்டுகளில் இதைச் செய்துகாட்டியிருந்தது. பிரிட்டனில் செயின்ட் டன்ஸ்டன்ஸும் தேசியப் பார்வையற்றோர் நிறுவனமும் சேர்ந்து 1935 நவம்பரில் பேசும் புத்தகங்களை அனுப்பத் தொடங்கின. முதல் தொகுப்பில் கான்ராடின் ‘டைஃபூன்’ இருந்தது, அகதா கிறிஸ்டியின் ‘ரோஜர் ஆக்ராய்டின் கொலை’ இருந்தது. கிறிஸ்டியின் அந்த நாவலைத் தேர்ந்தவருக்கு என் வணக்கம். யார் கதை சொல்கிறார் என்பதில்தான் அதன் சூட்சுமமே இருக்கிறது, காதால் கேட்கவே எழுதியதுபோல. கடைகளில் நீண்ட நேர இசைத்தட்டு வெற்றிகரமாக விற்பனைக்கு வந்தது 1948-இல். பதின்மூன்று வருடம் பார்வையற்றவர்கள் உலகத்துக்கு முன்னால் இருந்தார்கள்.

எதிரணியிலும் இதே கதைதான். உலகின் முதல் வழிகாட்டி நாய்ப் பள்ளி 1916-இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்கில் திறந்தது, மருத்துவர் கெர்ஹார்ட் ஷ்டாலிங் போரில் கண்ணிழந்த ஜெர்மானியச் சிப்பாய்களுக்காக ஏற்படுத்தியது. பின்னர் போட்ஸ்டாமில் நடந்த பள்ளியைப் பார்த்த டாரதி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண் 1927-இல் பத்திரிகையில் எழுதினார். மாரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற அமெரிக்க இளைஞர் அதைக் கேள்விப்பட்டுக் கடிதம் போட்டார், 1929-இல் அமெரிக்காவில் பள்ளி வந்தது. நாய் ஆளை இழுத்துக்கொண்டு போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு ஊர் தெரியாது, சிக்னல் விளக்கின் நிறமும் தெரியாது. எந்தத் தெரு, எப்போது கடப்பது என்பதை வண்டிச் சத்தத்தைக் கேட்டு மனிதர்தான் முடிவு செய்கிறார். நாயின் கடினமான பாடம் கீழ்ப்படியாமல் இருக்கக் கற்பது. ‘போ’ என்ற பிறகும் எதிரே கார் வந்தால் நகராமல் நிற்கவேண்டும்.

வெண்கோலை இன்று பயன்படுத்தும் முறையும் ராணுவ மருத்துவமனையில் பிறந்ததுதான். அதற்குமுன் பார்வையற்றவர் கையில் இருந்தது ஊன்றுகோல் அளவுக் குட்டைக் கோல். இரண்டாம் உலகப் போரின்போது பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனையில் ரிச்சர்ட் ஹூவர் என்ற சார்ஜென்ட் நெஞ்செலும்பு உயரத்துக்கு மெல்லிய நீளக்கோலை எடுத்துக்கொண்டு, தன் கண்ணையும் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தார். கோல்நுனி இடவலமாகத் தோள் அகலத்துக்கு வளைவாகப் போய்வரும். இடது கால் முன்னேறும்போது நுனி வலப்பக்கம் தட்டும், வலது கால் முன்னேறும்போது இடப்பக்கம். அடுத்த அடி எங்கே விழப்போகிறதோ அந்த இடத்தைக் கோல் முன்கூட்டியே தொட்டுவிடுகிறது. பள்ளம் இருந்தால் ஓர் அடி முன்னால் தெரியும். நடக்கிற மனிதனுக்கு நிற்க அது போதும். தட்டும் ஒலி சுவரில் பட்டுத் திரும்புவதிலிருந்து பக்கத்தில் சுவரா, திறந்த வெளியா என்றும் பழகிய காது சொல்லிவிடும்.

தமிழுக்கு இதில் என்ன பங்கு? 1915 ஆகஸ்டில் கல்லிப்போலிப் போரில் சுனுக் பாயிர் குன்றில் கண்ணிழந்த நியூசிலாந்துக்காரர் க்ளூத்தா மெக்கன்சி. செயின்ட் டன்ஸ்டன்ஸ் மாணவர். இரண்டாம் போரில் கண்ணிழந்த இந்தியச் சிப்பாய்களுக்காக 1943-இல் டேராடூனில் செயின்ட் டன்ஸ்டன்ஸ் விடுதி தொடங்கியபோது அதை நடத்த வந்தார். இங்கே அவர் கண்ட குழப்பம் பெரிது. பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே பார்வையற்றோர் பள்ளி இருந்தது. பம்பாயிலும் வங்கத்திலும் பஞ்சாபிலும் பள்ளிகள் இருந்தன. ஆளாளுக்கு ஒரு பிரெய்ல். ஷா முறை, ஷெரீஃப் முறை, நீலகண்டராய் முறை என்று ஒரே புள்ளிக்கூட்டம் ஊருக்கு ஊர் வேறு எழுத்தாக ஒலித்தது. பல மாநிலத்துச் சிப்பாய்களை ஒரே விடுதியில் வைத்துச் சொல்லித்தருவது எப்படி? 1949-இல் இந்திய அரசு யுனெஸ்கோவிடம் போயிற்று, யுனெஸ்கோ மெக்கன்சியையே ஆலோசகராக நியமித்தது. 1950-இல் பாரிஸில் கூடிப் பேசினார்கள். கல்வி அமைச்சகத்தில் இருந்த பார்வையற்ற அதிகாரி லால் அத்வானி போன்றவர்கள் இந்தியப் பக்கத்தில் உழைத்தார்கள். 1951-இல் பாரதி பிரெய்ல் வந்தது. டேராடூன் நிலையம்தான் வளர்ந்து இன்று பார்வைக் குறைபாடுள்ளோருக்கான இந்தியாவின் தேசிய நிறுவனம் ஆகியிருக்கிறது.

பாரதி பிரெய்லின் அழகு அதன் எளிமை. ஓசை ஒன்றாக இருந்தால் புள்ளியும் ஒன்று. தமிழ் ம-வும் இந்தி ம-வும் ஆங்கில எம்மும் ஒரே கட்டம். நம் எழுத்தின் கோணல்கள் அதில் நேராகிவிடுகின்றன. ‘கொ’ என்று அச்சில் எழுதினால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், நடுவே க. முதல் வகுப்புக் குழந்தை இதில் தடுமாறாமல் இருந்ததில்லை. பிரெய்லில் முதலில் க, அடுத்து ஒ, முடிந்தது. வாய் சொல்லும் வரிசையில் விரல் படிக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளி மட்டும் தலைக்குமேல் போக இடமில்லாமல் எழுத்துக்கு முன்னால் ஒரு தனிக் கட்டமாக வந்து நிற்கிறது. எனவே ‘அம்மா’ ஐந்து கட்டம்: அ, புள்ளி, ம, ம, ஆ. தமிழ் இலக்கணம் மெய், உயிர் என்று பிரித்துச் சொன்னதை விரலால் தடவிப் பார்க்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கசப்பையும் சொல்லவேண்டும். பிறவியில் பார்வையற்றவர்களும் நோயில் பார்வை போனவர்களும் காலகாலமாக இருந்தார்கள். அவர்களுக்காகத் திறக்காத பணப்பைகள் சீருடையைக் கண்டதும் திறந்தன. செயின்ட் டன்ஸ்டன்ஸுக்குப் பணம் கொட்டிய அதே பிரிட்டனில் பார்வையற்ற தொழிலாளர்கள் பாய் பின்னும் பட்டறைகளில் அற்பக் கூலிக்கு உழைத்தார்கள். 1920 ஏப்ரலில் அவர்கள் மான்செஸ்டர், லீட்ஸ், நியூபோர்ட் ஊர்களிலிருந்து லண்டனுக்கு நடந்தே வந்தார்கள். பதாகையில் எழுதியிருந்தது: நீதி வேண்டும், தருமம் வேண்டாம். அந்த ஆண்டே பார்வையற்றோர் சட்டம் வந்தது. ஓய்வூதிய வயது அவர்களுக்கு எழுபதிலிருந்து ஐம்பதாகக் குறைந்தது. என் தீர்ப்பு என்னவென்றால், பியர்சனின் பள்ளிக்கூடமும் வேண்டியிருந்தது, இந்த நடைபயணமும் வேண்டியிருந்தது. அறக்கட்டளை கண்டுபிடித்ததை எல்லோருக்கும் உரிமையாக்கியது பெரும்பாலும் தெருவில் நடந்தவர்கள்தான்.

ஒலிநூலின் கதையிலும் உரிமைப் பேச்சு தொடக்கத்திலேயே வந்துவிட்டது, பதிப்பாளர் சம்மதம் இல்லாமல் எதையும் பதிவுசெய்ய முடியவில்லை. அச்சைப் படிக்கமுடியாதவர்களுக்காக நூல்களை வேறு வடிவத்துக்கு மாற்ற வழிவிடும் மராகேஷ் ஒப்பந்தம் 2013-இல் உருவானது. 2014-இல் அதை முதன்முதலாக உறுதிசெய்த நாடு இந்தியா. அதற்கு முன்பே 2012-இல் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் இதற்கு இடம் கொடுத்தாயிற்று. ஆகவே சட்டம் தடையாக இல்லை. தடையாக இருப்பது எழுத்துரு. இன்றும் பல தமிழ் நூல்கள் யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருக்களில் கோக்கப்படுகின்றன. அந்தக் கோப்பைக் கணினியின் திரைவாசிப்பான் படித்தால் தமிழுக்குப் பதில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் காதில் விழும். பதிப்பாளர்களிடம் கேட்பது ஒன்றுதான். அச்சகத்துக்குப் போகும் ஒவ்வொரு நூலுக்கும் யூனிகோடில் ஒரு பிரதி எடுத்துவையுங்கள், பார்வையற்ற வாசகர் கேட்டால் அனுப்புங்கள்.